இடைநிலைப்பள்ளிக் கல்வியும் வாழ்க்கைக்கான ஆயத்தமும்

ஒரு கல்வி முறையை மதிப்பிடுவதற்கு இரண்டு அளவுகோல்கள் உள. ஒன்று, அம்முறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட குறிக்கோள். மற்றொன்று, அம்முறையினின்று வெளியேறும் மாணவர் அடுத்த படியில் கால் வைக்கும்பொழுது தடுமாறாது நிற்கின்றாரா என்பது. முன்னது ஏட்டில் உள்ளது. பின்னது வாழ்க்கையில் உள்ளது. ஏட்டை மட்டும் நோக்கிப் பாராட்டுவோரும், வாழ்க்கையில் கண்டதை மட்டும் நோக்கிப் பழிப்போரும் பலர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே திறனாய்வின் கடன்.

மலேசிய நாட்டின் கல்விக்கு 1988ஆம் ஆண்டில் ஒரு தத்துவம் வகுக்கப்பட்டது. அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் ஆகிய நான்கிலும் சமநிலை பெற்ற மனிதரை உருவாக்குதலே கல்வியின் நோக்கம் என்று அத்தத்துவம் கூறுகின்றது. குறைகூறற்கு இடமில்லாத குறிக்கோள் அது. அதன் வழியில் 1989 முதல் இடைநிலைப்பள்ளிகளில் ஒருங்கிணைந்த கலைத்திட்டமும், 2017 முதல் அதன் இடத்தில் புதிய கலைத்திட்டமும் நடைமுறைக்கு வந்தன. இக்கலைத்திட்டங்களின்கீழ் ஐந்து ஆண்டுகள், சிலர் ஆறு ஆண்டுகள் பயின்று, பதினேழு பதினெட்டு அகவையில் வெளியேறும் இளைஞர் கல்லூரிக்கும் வாழ்க்கைக்கும் எவ்வளவு ஆயத்தமாக உள்ளனர்? குறிப்பாக, தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிவு பெற்று இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்த தமிழ் மாணவருக்கு அப்பள்ளி எதனைக் கொடுத்தது, எதனைக் கொடாது விட்டது? இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

பெற்ற பேறு

குறைகளைக் கூறுமுன் நிறைகளைக் கூறுதல் முறையாகும். 1964 வரை தொடக்கப்பள்ளியின் இறுதியில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அத்தேர்வில் தவறிய பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியின் கதவு அடைபட்டது. பன்னிரண்டு அகவையிலேயே ஒரு குழந்தையின் எதிர்காலம் முடிவாகிவிட்டது. 1964இல் அத்தேர்வு நீக்கப்பட்டு, மறு ஆண்டு முதல் மாணவர் அனைவரும் மூன்றாம் படிவம் வரை பயிலும் வழி பிறந்தது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு ஏட்டை மூடிவைத்துவிட்டுப் பால்வாளி ஏந்திய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, அறிவியல் கூடத்தையும் நூலகத்தையும் கண்டது இம்மாற்றத்தால்தான். இதனைச் சிறு பேறு என்று எவரும் கூறார்.

இரண்டாவது நிறை மொழி பற்றியது. ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் வகுப்பு வகுப்பாகத் தேசிய மொழிக்கு மாறின. 1980களின் தொடக்கத்தில் இடைநிலைக் கல்வி முழுமையும் மலாய்மொழிக்கு வந்து சேர்ந்தது. அதன் பயனாக, ஐந்தாம் படிவம் முடித்த தமிழ் இளைஞர் அரசு அலுவலகத்தில் தம் தேவையைத் தாமே எடுத்துரைக்கின்றார்; விண்ணப்பத்தைத் தாமே நிரப்புகின்றார். கங்காணியையும் கிராணியையும் எதிர்பார்த்துக் கைகட்டி நின்ற பாட்டனாரின் நிலை பேரனுக்கு இல்லை. வாழ்க்கைக்கான ஆயத்தம் என்னும் கணக்கில் பள்ளியின் வரவுப் பக்கத்தில் எழுதத்தக்க பெரிய தொகை இது.

எனினும், கதவைத் திறந்துவிடுதல் வேறு. உள்ளே வந்தவரைக் கைபிடித்து மறுகதவு வரை அழைத்துச் செல்லுதல் வேறு. முன்னதைச் செய்த கல்வி முறை பின்னதை முழுமையாகச் செய்ததா என்பதே ஆராயத்தக்கது.

மூன்று மொழிப் படிகள்

தமிழ்ப்பள்ளி மாணவரின் கல்விப் பயணத்தில் மூன்று படிகள் உள்ளன. தொடக்கப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி, கல்லூரியில் மலாய்மொழி விரிவுரையோடு ஆங்கில மேற்கோள் நூல்கள், பல துறைகளில் ஆங்கில விரிவுரையே. ஒவ்வொரு படியிலும் உயரம் கூடுகின்றது. ஆனால் கைப்பிடிச் சுவர் இல்லை.

முதற்படிக்கென அமைக்கப்பட்டதே புகுமுக வகுப்பு. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர் முதலாம் படிவத்திற்குமுன் ஓராண்டு மலாய்மொழியில் பயிற்சி பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். பிற்காலத்தில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மலாய்மொழித் தாள்களில் தேர்ச்சி பெற்றவர் அவ்வாண்டினின்று விலக்குப் பெற்றனர். பெறாதவரே அங்குச் சென்றனர். நோக்கம் நல்லதாயினும், நடைமுறையில் அவ்வகுப்பு பின்தங்கியவர்க்கான வகுப்பு என்னும் முத்திரையைப் பெற்றது. உடன்பயின்ற தோழர் முன்னே செல்லத் தாம் ஓராண்டு பின்னே நிற்கும் பிள்ளையின் உள்ளத்தில் கல்வியின்மீது கசப்பு அங்கேயே தொடங்கியது. மொழி கற்பிக்க வந்த ஆண்டு பலருக்கு மனம் தளரும் ஆண்டாயிற்று.

இதனினும் நுண்ணிய குறை ஒன்று உண்டு. கடைத்தெருவில் பேசும் மலாய்மொழி வேறு. பாடநூலின் மலாய்மொழி வேறு. தமிழ்ப்பள்ளியில் ஒளிச்சேர்க்கை என்று கற்றதை ஃபோதோசிந்தேசிஸ் என்றும், பின்னம் என்றதைப் பெச்சஹான் என்றும், பரப்பளவு என்றதை லுவாஸ் என்றும் மாணவர் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. கருத்து அவருக்குத் தெரியும்; அதன் பெயரே தெரியாது. பெயர் தெரியாமையைக் கருத்துத் தெரியாமை என்று ஆசிரியர் கொள்வதும், நாளடைவில் மாணவரும் தம்மைப் பற்றி அவ்வாறே எண்ணத் தலைப்படுவதும் நிகழ்கின்றன. முதலாம் படிவத்தில் ஆறு திங்கள் இவ்விடைவெளியை நிரப்பினால் போதும். அவர் ஏனையோர்க்கு இணையாக நிற்பார். இப்பணி எந்தப் பாட ஆசிரியரின் பொறுப்பு என்று வரையறுக்கப்படாமையால் எவரும் அதனை மேற்கொள்வதில்லை.

கணிதமும் அறிவியலும் 2003இல் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டதும், அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டதும் இவ்விடைவெளியை மேலும் குழப்பின. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு மொழியிலும் தம்பி வேறு மொழியிலும் ஒரே பாடத்தைக் கற்ற விந்தை நேர்ந்தது. மூத்தவர் இளையவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல் எளிய குடும்பங்களின் செலவில்லாத் துணை. அத்துணையும் அங்கு அறுபட்டது.

மூன்றாம் படி ஆங்கிலம். பொதுப் பல்கலைக்கழகத்தில் நுழைய விழைவோர்க்கு 1999 முதல் மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வு வைக்கப்படுகின்றது. பதினோர் ஆண்டுகள் ஆங்கிலம் பயின்றும் அத்தேர்வின் கீழ்ப்படிகளிலேயே நின்றுவிடுவோர் பலர். வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் கேட்கும் ஒரு மொழி, வீட்டிலும் தெருவிலும் ஒலியாதபோது, நூலைப் படித்துணரும் அளவிற்கு வளர்வது அரிது. பெருநகரத்தில் ஆங்கிலம் பேசும் இல்லத்துப் பிள்ளைக்கு இக்குறை தெரிவதே இல்லை. தோட்டத்தினின்று பெயர்ந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கோ இக்குறை கல்லூரியின் முதல் வாரத்திலேயே வெளிப்படுகின்றது.

தேர்வு என்னும் திரை

தேர்வு தேவையற்றது அன்று. செல்வாக்கு இல்லாத எளிய வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வுச் சான்றிதழே பரிந்துரைக் கடிதம். ஆனால், கற்றதை அளக்க வந்த கோல், கற்க வேண்டியது எது என்பதைத் தீர்மானிக்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டால் கல்வி தன் வடிவத்தை இழக்கின்றது.

இதற்கு நன்னெறிக் கல்விப் பாடமே தக்க சான்று. இசுலாமியர் அல்லாத மாணவர்க்குரிய இப்பாடம், எது நல்லது என்று ஆராய்ந்து தெளியும் ஆற்றலை வளர்ப்பதற்காக அமைந்தது. ஆயின், எஸ்.பி.எம். தேர்வில் அது இடம்பெற்ற பின் நேர்ந்தது யாது? 36 நெறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை. அவ்வரையறையைச் சொல் பிறழாது மனனம் செய்து எழுதியவர்க்கே மதிப்பெண். முதியவர்க்கு இருக்கையை விட்டெழுந்து நிற்கும் மாணவர், அச்செயலுக்குரிய நெறியின் வரையறையை மறந்தால் மதிப்பெண் இழப்பார். வரையறையைப் பிழையின்றி எழுதிவிட்டு இருக்கையிலேயே அமர்ந்திருப்பவர் சிறப்புத் தேர்ச்சி பெறுவார். 2017இன் கலைத்திட்டத்தில் நெறிகள் 18ஆகக் குறைந்தன. சூழல்களை ஆராயும் வினாக்களும் கூடின. திருத்தம் வரவேற்கத்தக்கது. ஆனால், அதற்குள் ஒரு தலைமுறை நன்னெறி என்பது மனனம் செய்யும் பொருள் என்று கற்று வெளியேறிவிட்டது.

உயர்நிலைச் சிந்தனை வினாக்களுக்கும் ஏறத்தாழ இதே கதி நேர்ந்தது. 2013இல் தொடங்கிய கல்விப் பெருந்திட்டம் மனனத்தைக் குறைத்துச் சிந்தனையை வளர்க்க அவ்வினாக்களை முன்னிறுத்தியது. சில திங்களில் உயர்நிலைச் சிந்தனை வினாவும் விடையும் அடங்கிய பயிற்சி நூல்கள் கடைகளை நிறைத்தன. சிந்தித்து எழுத வேண்டிய விடையும் மனனம் செய்யப்பட்டது. நோய் மருந்தையே உண்டு வளர்ந்தது போன்ற நிலை இது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு 2021இலும், மூன்றாம் படிவ மதிப்பீட்டுத் தேர்வு 2022இலும் கைவிடப்பட்டன. குழந்தைகளின் தோளினின்று சுமை இறங்கியது என்று பலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நியாயமானதே. எனினும், சுமை முற்றும் நீங்கவில்லை, எஸ்.பி.எம். தேர்வின்மேல் சென்று குவிந்தது. இடையில் வந்த பள்ளிசார் மதிப்பீட்டின் குறிப்பைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரிந்த பெற்றோர்க்குப் பிள்ளையின் நிலை தெரியும். ஏனையோர்க்குப் பதினேழாம் அகவை வரை தெரியாது. தெரியவரும்பொழுது காலம் கடந்திருக்கும்.

இத்தகைய சூழலில் பள்ளிக்கு வெளியே துணை தேடுவது இயல்பாயிற்று. 1982இல் தம்பிராஜா அவர்களால் தொடங்கப்பெற்ற ஸ்ரீ முருகன் நிலையம், தமிழ் மாணவரிடையே கல்வியை ஒரு வேள்வியாகப் பரப்பியது. பல்கலைக்கழகம் என்னும் சொல்லைக் கேட்டறியாத இல்லங்களில் பட்டதாரிகளை உருவாக்க உதவியது. அத்தொண்டு போற்றுதற்குரியது. ஆனால் அதன் வெற்றியில் ஒரு வினாவும் அடங்கியுள்ளது. பகல் முழுதும் பள்ளியில் இருந்த பிள்ளைக்கு, கற்க வேண்டும் என்னும் ஊக்கத்தையும் கற்கும் முறையையும் மாலையில் வேறோர் இடம் தரவேண்டியிருந்தது எனின், பள்ளி பகலில் தந்தது யாது?

கல்லூரி வாயிலில்

கல்லூரி எதிர்பார்க்கும் திறன்கள் நான்கு எனலாம். எவரும் பணிக்காமல் தாமே நூலைத் தேடிப் படித்தல். படித்தவற்றுள் முரண்பட்டவற்றை ஒப்பிட்டு முடிவு கூறுதல். ஐயத்தை எழுந்து வினவுதல். தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளுதல். இந்நான்கனுள் ஒன்றையேனும் எஸ்.பி.எம். வகுப்பறை முறையாகப் பயிற்றுகின்றதா? மணியடித்ததும் ஆசிரியர் வருகின்றார், குறிப்புத் தருகின்றார், மாணவர் எழுதிக்கொள்கின்றனர். ஒரு பாடத்திற்கு ஒரு நூல்; ஒரு வினாவிற்கு ஒரு விடை. வினவும் மாணவர் பாடத்தைத் தாமதப்படுத்துபவராகக் கருதப்படுகின்றார். இப்பயிற்சியில் ஐந்தாண்டு ஊறியவர் கல்லூரியில் நுழைந்து, முதல் இடுபணியைக் கையில் வாங்கியதும், எந்த நூலின் எந்தப் பக்கத்தில் விடை உள்ளது என்று கேட்பாராயின் அவரைக் குறைகூறுதல் தகாது.

இடைவெளியை நிரப்பும் ஒரு படி உண்டு. அது ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டுக் காலம் பயின்று எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டது. இடுபணியும் அதில் இடம்பெற்றது. பல்கலைக்கழகப் படிப்பிற்கு நெருங்கிய பயிற்சியை இப்படிவம் தருகின்றது என்பதில் ஐயமில்லை. எனினும், ஓராண்டில் முடியும் மெட்ரிகுலேஷன் வகுப்பு பலரை ஈர்க்கின்றது. 2003இல் அதன் இடங்களில் நூற்றுக்குப் பத்து ஏனைய இனத்தவர்க்குத் திறக்கப்பட்டது. 2012இல் இந்திய மாணவர்க்கென 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2024இல் பத்துப் பாடங்களில் ஏ பெற்றோர் அனைவருக்கும் இனவேறுபாடின்றி இடம் உண்டு என்று அரசு உறுதி கூறியது. இரு வழிகளும் ஒரே பல்கலைக்கழக வாயிலை நோக்கிச் செல்வன. நீளமும் கடினமும் வேறாய இரு பாதைகளின் இறுதியில் நிற்போரை ஒரே தராசில் நிறுத்துவது நேர்மையா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. மனநிறைவு தரும் விடை இன்னும் கிடைத்திலது.

கொள்கையினும் உடனடியான சிக்கல் அறியாமை. ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பல்தொழில்நுட்பக் கல்லூரி, சமூகக் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கழகம், தனியார் கல்லூரி எனப் பாதைகள் பல. ஒவ்வொன்றிற்கும் விண்ணப்ப நாள் வேறு, தேவையான பாடங்கள் வேறு, செலவு வேறு. நான்காம் படிவத்தில் எடுக்காத ஒரு பாடம், பிற்காலத்தில் ஒரு துறையின் கதவை அடைத்துவிடக்கூடும். 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்னும் கட்டுப்பாடு நீக்கப்பட்டுப் பாடத் தொகுப்புகளைத் தெரிந்தெடுக்கும் உரிமை வழங்கப்பட்டது. உரிமை நன்று, ஆனால், விளைவை அறியாதவர் கையில் உரிமை சுமையாகின்றது. இடைநிலைப்பள்ளிகளில் 1996 முதல் முழுநேர ஆலோசக ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். 500 மாணவர்க்கு ஒருவர் என்பது அப்போதைய அளவு. ஐந்நூறு பிள்ளைகளின் குடும்ப நிலையையும் திறனையும் விருப்பத்தையும் ஒருவர் அறிந்து வழிகாட்டுதல் இயலுமா? ஒழுங்கு தவறியவரைக் கவனிப்பதிலேயே அவர் காலம் கழிந்துவிடுகின்றது. அமைதியாக அமர்ந்திருக்கும் நடுத்தர மாணவர் எவர் கண்ணிலும் படாமல் வெளியேறுகின்றார்.

புறப்பாட நடவடிக்கைகளின் நிலையும் கருதத்தக்கது. பல்கலைக்கழக நுழைவில் பாடத் தேர்ச்சிக்குத் தொண்ணூறும் புறப்பாடத்திற்குப் பத்தும் என விழுக்காடு வகுக்கப்பட்டுள்ளது. திடலில் வியர்வை சிந்தவும், கழகத்தில் பொறுப்பேற்கவும், தோல்வியைத் தாங்கவும் பயிற்றவேண்டிய நடவடிக்கைகள் சான்றிதழ் திரட்டும் முயற்சியாகச் சுருங்கின. கழகத்தின் செயலாளராக மூன்றாண்டு இருந்தும் ஒரு கூட்டக் குறிப்பு எழுத அறியாதவர் உளர்.

தேர்வுக்கும் முடிவுக்கும் இடையே

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த நாளுக்கும் முடிவு வெளியாகும் நாளுக்கும் இடையே சில திங்கள் உள்ளன. இக்காலத்தில் அவர் பள்ளி மாணவரும் அல்லர். கல்லூரி மாணவரும் அல்லர். வசதி படைத்த இல்லத்துப் பிள்ளை இக்காலத்தில் வாகன உரிமம் பெறுகின்றார். ஆங்கில வகுப்பிற்குச் செல்கின்றார். தனியார் கல்லூரியில் முன்கூட்டியே இடமும் பெறுகின்றார். எளிய இல்லத்துப் பிள்ளை பேரங்காடியிலோ தொழிற்சாலையிலோ வேலைக்குச் செல்கின்றார். உழைப்பது இழிவன்று. ஆனால், முதற் சம்பளத்தின் இனிமையில் தேர்வு முடிவின் ஆர்வம் மங்குகின்றது. தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப்படுகின்றது. முடிவு நன்றாக வந்தபோதும், தவணையைக் கட்ட வேலையை விட இயலவில்லை. கல்லூரி அழைப்புக் கடிதம் வீட்டில் கிடக்கின்றது. தேர்வில் தவறிக் கல்வியை இழந்தவரைச் சமுதாயம் கணக்கெடுக்கின்றது; தேறியும் இழந்த இவரை எவரும் கணக்கெடுப்பதில்லை.

இச்சில திங்களில் பள்ளியின் பொறுப்பு முடிந்துவிட்டது. கல்லூரியின் பொறுப்புத் தொடங்கவில்லை. இவ்விடைவெளியில் விழுவோரே மிகுதி என்பதால், கல்விச் சீர்திருத்தம் முதலிற் கண் வைக்க வேண்டிய இடமும் இதுவே.

கைத்திறனுக்கு உரிய மதிப்பு

பல்கலைக்கழகம் ஒன்றே கல்வியின் முடிவன்று. மாணவருள் அறுபது விழுக்காட்டினர் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பயில வேண்டும் என்பது 1970 முதல் நாட்டின் கொள்கை. அவ்விலக்கு எட்டப்படவில்லை. 1969இல் ஈப்போவில் ஊங்கு ஓமார் பல்தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது; 2001 முதல் சமூகக் கல்லூரிகள் வந்தன; 2012இல் தொழிற்பயிற்சி இடைநிலைப்பள்ளிகள் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளாக உயர்த்தப்பட்டு டிப்ளோமா வரை வழி வகுக்கப்பட்டது. வாய்ப்புகள் வந்த அளவிற்கு மனப்பான்மை மாறவில்லை. பாடத்தில் பின்தங்கியவர்க்குரிய இடமே தொழிற்கல்வி என்னும் எண்ணம் ஆசிரியர் அறையிலும் உள்ளது. வீட்டுக் கூடத்திலும் உள்ளது.

தோட்டத் தொழிலாளியின் தலைமுறை, மண்ணில் உழைத்த களைப்பால், தம் பிள்ளை மேசையின்முன் அமர வேண்டும் என்று விரும்பியது. அவ்விருப்பம் புரிந்துகொள்ளத்தக்கது. எனினும், மின்னிணைப்பாளரும் குளிர்சாதனப் பழுதுநீக்குநரும் பற்றவைப்பாளரும் தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றுத் தம் தொழிலைத் தாமே நடத்தும் காலத்தில், வேலை கிடைக்காத ஒரு பட்டத்திற்காகக் கடன் சுமக்கும் இளைஞரை மேலானவர் என்று கருதுவது பொருந்துமா? வாழ்க்கைத் திறன் என்னும் பாடம் முன்பு கீழ்ப்படிவங்களில் மரவேலை, மின்வேலை, தையல், சமையல் முதலியவற்றைக் கற்பித்தது. 2017இன் கலைத்திட்டத்தில் அதன் இடத்திற்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் வந்தது. புதிய பாடத்தில் வரைபடமும் அறிக்கையும் மிகுந்தன. உளியும் ஊசியும் அருகின. கைக்கு இருந்த சிறிய இடமும் குறைந்துவிட்டது.

சம்பளச் சீட்டும் வாக்குச் சீட்டும்

விழுக்காட்டுக் கணக்கைத் தமிழ்ப்பள்ளியிலேயே மாணவர் கற்கின்றனர். இடைநிலைப்பள்ளியில் மீண்டும் கற்கின்றனர். ஆனால், அக்கணக்கு தம் சம்பளச் சீட்டில் உள்ளது என்று எவரும் அவர்க்குக் காட்டுவதில்லை. 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்குப் பதினொன்று. அஃதாவது 187 ரிங்கிட். முதலாளியின் பங்கு நூற்றுக்குப் பதின்மூன்று. அஃதாவது 221 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து மாதம் 408 ரிங்கிட் அவர் பெயரில் சேர வேண்டும். சேமநிதி பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கையில் தருகின்றேன் என்று ஒரு முதலாளி கூறும்பொழுது, 187 ரிங்கிட் மிஞ்சுகின்றது என்று மகிழும் இளைஞர், 221 ரிங்கிட்டை இழப்பதை அறியார். கணிதத்தில் தேறியவரே இதில் ஏமாறுகின்றார் எனின், அவர் கற்றது கணக்கா, கணக்கின் நிழலா?

வேலை நேரமும் அவ்வாறே. வாரத்தின் சாதாரண வேலை நேரம் 48 மணியினின்று 45 மணியாக 2023இல் குறைக்கப்பட்டது. வேலை ஒப்பந்தம், மிகைநேரச் சம்பளம், தவணைக் கொள்முதல், கடனுக்கு உத்தரவாதக் கையொப்பம், 1997இல் தோன்றிய உயர்கல்விக் கடனுதவி நிதியின் திருப்பிச் செலுத்தும் விதி ஆகியவற்றை ஐந்தாம் படிவ மாணவர் ஒருமுறையேனும் படித்துப் பார்த்திருக்க வேண்டும். நிதிக் கல்வியைப் பல பாடங்களில் ஊடுபொருளாகச் சேர்த்துள்ளதாகக் கலைத்திட்டம் கூறும். எல்லாப் பாடத்திலும் உள்ளது என்பது பெரும்பாலும் எந்தப் பாடத்திலும் அழுத்தமாக இல்லை என்பதாகவே முடிகின்றது.

குடிமைக் கடனையும் நோக்க வேண்டும். 2019இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 2021 இறுதியில் நடைமுறைக்கு வந்ததன்படி பதினெட்டு அகவை நிரம்பியவர் தாமாகவே வாக்காளராகின்றார். பள்ளிச் சீருடையைக் களைந்த சில திங்களில் நாட்டின் ஆட்சியைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு அவர் கைக்கு வருகின்றது. 2013 முதல் வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி பெறாதவர் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற இயலாது. ஆண்டுகளையும் ஒப்பந்தங்களையும் பிழையின்றி எழுதும் அம்மாணவர், ஒரு செய்தி மெய்யா பொய்யா என்று ஆராயவும், தம் கருத்துக்கு மாறான கருத்தைப் பொறுமையோடு கேட்கவும் பயிற்சி பெற்றாரா என்பதே உண்மையான வினா.

தமிழ்ப் பாடத்தின் பங்கு

பிற பாடங்களைக் குறைகூறிவிட்டுத் தமிழ்ப் பாடத்தை மட்டும் விட்டுவிடுதல் நடுநிலை ஆகாது. பதினைந்து மாணவரின் பெற்றோர் வேண்டினால் தமிழ்மொழி வகுப்பு நடத்தலாம் என்பது கல்விச் சட்டம் தந்த உரிமை. பல பள்ளிகளில் அவ்வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பின்னரே நடைபெறுகின்றது. பசியோடும் களைப்போடும் அமர்ந்து தமிழ் பயிலும் மாணவரின் பற்றுப் போற்றத்தக்கது. 2010இல் எஸ்.பி.எம். பாடங்களுக்குப் பத்து என்னும் வரம்பு வந்தபொழுது, தமிழ்மொழிக்கும் தமிழ் இலக்கியத்திற்கும் ஊறு நேரும் என்று சமுதாயம் குரல் எழுப்பியது. கூடுதலாக இரு பாடங்கள் எழுத இசைவு கிடைத்தது. உரிமைக்காகக் குரல் கொடுக்கத் தமிழர் தயங்கவில்லை.

ஆயின், பெற்ற வகுப்பினுள் நிகழ்வது யாது? மாதிரிக் கட்டுரைகள் மனனம் செய்யப்படுகின்றன. தொடக்கமும் முடிவும் எல்லார் தாளிலும் ஒன்றாகவே உள்ளன. இலக்கியப் பாடத்தில் நாவலுக்கு முன்பே நாவலின் வழிகாட்டி நூல் வாங்கப்படுகின்றது. சிலர் நாவலைத் திறப்பதே இல்லை. கதைமாந்தரின் பண்புகள் எண்ணிட்டுப் பட்டியலாக மனத்திற் பதிகின்றன. கதைமாந்தரின் துன்பம் பதிவதில்லை. ஏ பெற்ற பலர் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் ஒரு தமிழ் நூலையும் கையில் எடுப்பதில்லை. எழுத்தாளர்கள் வாசகர் இல்லை என்று வருந்துவதற்கும் வகுப்பறையின் இந்நிலைக்கும் உள்ள தொடர்பு ஆராயத்தக்கது.

தமிழ்ப்பள்ளியும் இதிற் பங்கு ஏற்க வேண்டும். 2021 வரை எத்தனை பிள்ளைகள் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றனர் என்பதே அதன் பெருமையாக இருந்தது. அப்பிள்ளைகள் மூன்றாம் படிவத்தில் எவ்வாறு உள்ளனர் என்று தேடிச் சென்று பார்த்த பள்ளிகள் சிலவே. நாற்றங்காலில் பசுமையைக் கண்டு மகிழ்ந்து, நட்ட வயலைப் பாராத உழவரை எவரும் நல்லுழவர் எனக் கூறார்.

செய்யத்தக்கன

கொள்கை மாற்றம் அரசின் கையில் உள்ளது. அது வரும்வரை காத்திராமல் செய்யத்தக்க சில உள. முதலாவது, ஆறாம் ஆண்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் முதலாம் படிவ ஆசிரியரும் கூடிக் கணிதம், அறிவியல் கலைச்சொற்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் தொகுத்த கையேடு ஒன்றை ஆக்குதல். ஐந்நூறு சொற்கள் போதும். அவை முதற்படியின் கைப்பிடிச் சுவராகும்.

இரண்டாவது, நான்காம் படிவ மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுதுதல். தம் ஊரின் வரலாறோ, தம் குடும்பம் குடிபெயர்ந்த கதையோ, அருகிலுள்ள ஆற்றின் நிலையோ பொருளாகலாம். மூன்று நூல்களையேனும் படித்து, மூவரையேனும் வினவித் தம் சொல்லில் எழுத வேண்டும் என்பதே விதி. எழுத்தாளர் சங்கங்கள் அக்கட்டுரைகளைப் படித்துக் கருத்துரைக்க முன்வரலாம்.

மூன்றாவது, எஸ்.பி.எம். தேர்வுக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட திங்களில் ஒவ்வோர் ஊரிலும் முன்னாள் மாணவரும் ஆலய நிருவாகமும் இயக்கங்களும் இணைந்து வாரம் ஒருமுறை அவ்விளைஞரைக் கூட்டுதல். விண்ணப்ப நாள்களை நினைவூட்டவும், வேலை ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டவும், கல்லூரியில் பயில்வோரை அழைத்துப் பேசச் செய்யவும் பெரும்பொருள் வேண்டா. ஒரு மண்டபமும் சிலரின் மாலை நேரமும் போதும்.

நான்காவது, தமிழ்ப் பாடத்தில் நாவலை முழுமையாகப் படித்த பின்னரே குறிப்பை வழங்குதல். மாதிரிக் கட்டுரைக்கு மாற்றாக மாணவர் தம் எண்ணத்தை எழுதப் பழக்குதல். மதிப்பெண் சிறிது குறையினும் எழுதும் கை நிலைத்திருக்கும்.

முடிவுரை

இடைநிலைப்பள்ளி தன் மாணவரைத் தேர்வுக்கு நன்றாகவே ஆயத்தம் செய்கின்றது; கல்லூரிக்கு ஓரளவும், வாழ்க்கைக்கு மிகச் சிறிதளவுமே ஆயத்தம் செய்கின்றது. பள்ளி தராது விட்டதை வசதியுள்ள இல்லம் ஈடுசெய்கின்றது. வசதியில்லா இல்லத்தால் இயலவில்லை. ஆகவே, பள்ளியின் குறை எல்லார்க்கும் ஒரே அளவிற் பொதுவான குறை அன்று; ஏழைப் பிள்ளையின் தலையிலேயே அது முழு எடையோடு இறங்குகின்றது. 1988இன் தத்துவம் கூறிய சமநிலை மனிதர் உருவாக வேண்டுமாயின், எவருடைய இல்லத்தில் நூலகமும் ஆங்கிலமும் அறிவுரை கூறும் உறவினரும் இல்லையோ, அவருடைய நிலையினின்று பள்ளியை அளக்க வேண்டும். அப்பிள்ளைக்குப் போதுமானதாக அமையும் கல்வி ஏனையோர்க்கும் போதுமானதாகவே இருக்கும்.